பழைய அவுட்போர்டு எஞ்சின் வாங்கவும் விற்கவும்: புதிதாக வருபவர்களுக்கு

ஃபைபர் படகைப் பார்த்து வாங்குவது பெரிய வித்தை இல்லை. விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும், தட்டினால் சத்தத்தில் தெரியும், ரெசினும் ஃபைபர் மேட்டும் போட்டு அடைத்தும் விடலாம். பணம் முழுகுவது எஞ்சினில்தான். படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்தான் அவுட்போர்டு. புதிதின் விலையைக் கேட்டதும் பலரும் பழசைத் தேடிக் கிளம்புகிறார்கள். அதில் தப்பே இல்லை. யமஹா எண்டூரோ, சுசுகி டிடி, டோஹாட்சு போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களை ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும்.

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வருஷ எஞ்சின்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாம் கேள்வி. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவிய பத்து வருஷ எஞ்சின், உப்போடு மணலில் கிடந்த இரண்டு வருஷ எஞ்சினைவிட நிச்சயம் மேல். ஆகவே நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியது உப்பு எங்கெல்லாம் புகுந்திருக்கிறது என்பதை. கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கரையிலேயே படகை இழுத்துப் போடும் ஊர் என்றால் எடை முக்கியம். 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் சுமார் 70 கிலோவுக்கு மேல் வரும். அதே திறனில் ஃபோர்-ஸ்ட்ரோக் 90 கிலோவைத் தாண்டிவிடும். எண்ணெய்ச் செலவு ஃபோர்-ஸ்ட்ரோக்கில் குறைவு, புகை குறைவு. ஆனால் நடுக்கடலில் நின்றுபோனால் டூ-ஸ்ட்ரோக்கைப் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கிளப்பக் கூட வந்த யாருக்காவது தெரிந்திருக்கும். முதல் எஞ்சினுக்கு டூ-ஸ்ட்ரோக்தான் என் ஓட்டு.

மண்ணெண்ணெய் எஞ்சின் வாங்குவதாக இருந்தால், அது கம்பெனியே மண்ணெண்ணெய்க்கென்று செய்ததா, பெட்ரோல் எஞ்சினை யாராவது மாற்றியதா என்று பாருங்கள். யமஹாவில் மாடல் பெயரிலேயே 'கே' என்ற எழுத்து இருக்கும். அதைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கடைசி வேலையைச் செய்யாத ஆட்களின் எஞ்சினில் கார்புரேட்டர் பிசுபிசுத்துக் கிடக்கும்.

அப்புறம் கால் நீளம், அதாவது எஞ்சினில் தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியின் நீளம். குட்டைக் கால் 15 இஞ்சு, நீளக் கால் 20 இஞ்சு. படகின் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். உயரமான பலகையில் குட்டைக் காலை மாட்டினால் அலையில் விசிறி (புரொப்பல்லர்) மேலே வந்து காற்றை அடிக்கும், தண்ணீர் உறிஞ்சும் துளையும் வெளியே வந்து எஞ்சின் சூடேறும். விலை குறைவு என்று தப்பான நீளத்தில் வாங்கிவிட்டுப் பின்பலகையை அறுத்த ஆட்கள் உண்டு.

விசைப்படகுக்கு டீசல் இன்போர்டு (படகுக்குள்ளேயே பொருத்தும் எஞ்சின்) தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுக்கு 240 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது 2020 விதி. "சீன எஞ்சின், நல்ல வேகம்" என்று யாராவது ஆசை காட்டினால் முதலில் தகட்டைப் பாருங்கள். மற்றபடி இந்தக் கட்டுரை அவுட்போர்டைப் பற்றியது.

போனில் கேட்க வேண்டியவை

நேரில் போகுமுன் மூன்று விஷயம் போதும். எஞ்சின் எண் என்ன, யார் பெயரில் பில் இருக்கிறது, மானியத்திலோ வங்கிக் கடனிலோ வாங்கியதா. இதற்கு "வாங்க, நேர்ல பேசிக்கலாம்" என்றே பதில் வந்தால் பஸ் செலவு மிச்சம்.

போவது உறுதியானால் இதையும் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் எஞ்சினைக் கிளப்பாம வைங்க."

ஆறிய எஞ்சின்

போனதும் கவரைத் தூக்கி சிலிண்டர் தலைமேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். சூடான எஞ்சின் எதுவும் ஒரே இழுப்பில் கிளம்பும், அதில் நமக்கு ஒன்றும் தெரியாது. விடியற்காலையில் கடலுக்குப் போகும்போது நீங்கள் இழுக்கப்போவது ஆறிய எஞ்சினைத்தான். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை. டீ குடிக்கும் நேரத்தில் ஆறாது என்றால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். உண்மையான விற்பனையாளர் கோபப்பட மாட்டார்.

ஆறுகிற வரைக்கும் வெளியே பாருங்கள். பலகையில் பொருத்தும் பிடியில் ஒட்டிய தகட்டில் மாடலும் எண்ணும் இருக்கும். பல கம்பெனிகள் எஞ்சின் பிளாக்கிலும் எண்ணைப் பதித்திருக்கும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கவர் ஸ்டிக்கரை நம்பவே நம்பாதீர்கள். பல கம்பெனிகளில் 9.9க்கும் 15க்கும் ஒரே பிளாக்தான். வெளிக்கவர் ஒரே அளவாக இருப்பதால், ஸ்டிக்கரை மட்டும் மாற்றி ஒட்டினால் 9.9 குதிரைத்திறன் 15 ஆகிவிடும். தகடு பிடுங்கப்பட்டிருந்தாலோ, எண்ணைச் சுரண்டியிருந்தாலோ விலை பேசவே வேண்டாம், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பிடியின் திருகுகளைக் கையால் திருகிப் பாருங்கள், எஞ்சினை இடமும் வலமும் திருப்புங்கள், மேலே தூக்கி இறக்குங்கள். உப்பு ஏறிய எஞ்சின் இங்கேயே முரண்டு பிடிக்கும். கீழ்ப்பகுதியில் துத்தநாகக் கட்டி ஒன்று இருக்கும். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிந்து போவதுதான் அதன் வேலை. பாதி தேய்ந்திருந்தால் நல்லது, வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். அதன்மேலும் பெயின்ட் அடித்திருந்தால், அடித்தவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது விற்பதற்காக அவசரமாகப் பூசியிருக்கிறார். புத்தம்புது பெயின்ட் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

முங்கிய எஞ்சினா?

இதுதான் பெரிய பள்ளம். படகு கவிழ்ந்தோ, பிடி கழன்றோ கடலுக்குள் போன எஞ்சினை மேலே எடுத்த கையோடு நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, எண்ணெய் ஊற்றி, அன்றைக்கே கிளப்பியிருந்தால் தப்பிக்கும். ஒன்றிரண்டு நாள் காற்றில் கிடந்தால் கிராங்க் பேரிங்குகளில் துரு பிடித்துவிடும். அது கிளம்பும், ஓடும், நாலு மாதம் கழித்து நடுக்கடலில் இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும். 2017 ஒக்கி, 2018 கஜா மாதிரி புயல் அடித்த வருஷங்களில் கரையோரமெல்லாம் படகும் எஞ்சினும் சேதமாயின. அப்படி ஒரு புயலுக்கு அப்புறம் பக்கத்து மாவட்டத்திலிருந்து மலிவாக எஞ்சின் வந்தால் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள்.

கண்டுபிடிக்க வழி உண்டு. கவருக்குள் மூலைகளில், ஒயர் கட்டுகளுக்கு இடையில் விரலை விட்டுப் பாருங்கள், நெருநெருவென்று மணல் தட்டுப்படும். ஃப்ளைவீலின் அடிப்பக்கம், ஸ்டார்ட்டர் கயிற்றுச் சுருள், கனெக்டர்களின் உள்பக்கம் எல்லாம் துருவோ பச்சைக் களிம்போ இருக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே களிம்பு என்றால் கதை என்னவென்று உங்களுக்கே புரியும்.

பிளக்கும் கம்ப்ரஷனும்

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் பெரிய விலை இல்லை, டூவீலர் மெக்கானிக்கிடம் இரவல் கூட வாங்கலாம். பிளக்குகளைக் கழற்றி, எது எந்த சிலிண்டர் என்று குழம்பாமல் வரிசையாக வையுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் உலர்ந்திருந்தால் சரியான எரிதல். கருப்பாக ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம், அது சரிசெய்யக் கூடியது. ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்: கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் நீராவி அதைத் தேய்த்திருக்கிறது. அலுமினியத் துகள் மினுமினுத்தால் பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது.

பிறகு கேஜை மாட்டி, பிளக் ஒயர்களை பிளாக்கில் தொட வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருப்பி, கயிற்றை ஐந்தாறு முறை பலமாக இழுங்கள். முள் ஏறி நிற்கும். எல்லா சிலிண்டருக்கும் இதே மாதிரி.

எத்தனை வந்தால் நல்லது என்று எல்லோரும் கேட்பார்கள். பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக்கில் 100 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் பொதுவாக நிம்மதி, மண்ணெண்ணெய் எஞ்சினில் இயல்பாகவே குறைவாக வரும். ஆனால் அந்த அளவைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். 110, 105 என்று வந்தால் வாங்கலாம். 110, 80 என்று வந்தால் ஒரு சிலிண்டரில் ரிங்கோ போரோ போய்விட்டது. பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் போரிங் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். "கடல்ல ஓடினா சரியாயிடும்" என்பது நடக்காது.

கியர் ஆயில்

இந்த ஒரு சோதனைக்காகவே ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொண்டு போங்கள். எஞ்சின் இரவு முழுக்க நிமிர்ந்த நிலையில் நின்றிருக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் இரண்டு திருகு இருக்கும். அடித் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அது அடியில் தங்கியிருக்கும். உள்ளே புகுந்திருந்தால் முதல் சொட்டாக வருவது தண்ணீர்தான். பின்னால் வரும் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது. திருகின் முனையில் காந்தம் இருந்தால் அதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டினால் இயல்பு. நகத்தில் இடறும் துண்டுகள் வந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது.

தேன் நிறத்தில் புத்தம்புதிதாக வந்தால்? நேற்றுதான் மாற்றியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் சோதனையும் ஆகவில்லை. கடலில் ஓட்டிவிட்டு வந்து ஒரு முறை திறந்து பாருங்கள்.

சீல் போவதற்கு நம்மூரில் முக்கியக் காரணம் தங்கூசி நூல், அதாவது நைலான் மீன்பிடி நூல். விசிறியில் சுற்றிய நூல் தண்டுக்குள் ஏறி சீலை அறுத்துவிடும். விசிறியைக் கழற்றி உள்ளே நூல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்படியே நியூட்ரலில் வைத்துத் தண்டைக் கையால் சுற்றி அதன் முனையையே கவனியுங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. திரும்ப மாட்டும்போது விசிறியின் நடுவிலிருந்து இதழ் வரை பெயின்டால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கிளப்பி, கடலில் ஓட்டி

தண்ணீர் இல்லாமல் கிளப்பிக் காட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் சில நொடியிலேயே கருகத் தொடங்கும். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் துளை நன்றாக மூழ்கும்படி எஞ்சினை இறக்கித்தான் கிளப்ப வேண்டும். கிளம்பியதும் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கிறதா பாருங்கள். சொட்டினால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு. உள்ளே தண்ணீர்ப் பாதையே உப்பு அடைத்திருந்தால் பெரிய செலவு. கம்பி விட்டுத் துளையை மட்டும் குத்திப் பாருங்கள், அப்படியும் வரவில்லை என்றால் இரண்டாவதுதான் என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

டிரம்மில் ஓடுவது பாதிச் சோதனைதான். சுமை இல்லாமல் எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளை. கடலில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், கூட ஒரு படகு வரட்டும், எஞ்சினை உடனே நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். முன் கியர், பின் கியர் இரண்டும் ஒரே 'டக்'கில் விழ வேண்டும். முழு வேகத்தில் போகும்போது கியர் தானாக நழுவி எஞ்சின் கத்தினால் உள்ளே பல் மழுங்கிவிட்டது. முழு வேகத்துக்குப் பின் மெதுவாக்கி விடும்போது நின்றுபோனால் கார்புரேட்டர் பார்க்க வேண்டும். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரமையும் அரிக்கும். பழைய எஞ்சினில் குழாய்களை மாற்றும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்ததும் நீங்கள் போட்ட பெயின்ட் கோட்டைப் பாருங்கள். கோடு முறிந்து இரண்டாக விலகியிருந்தால் விசிறியின் உள் ரப்பர் வழுக்குகிறது. எஞ்சின் சுற்றுகிற அளவுக்குப் படகு போகாததற்குக் காரணம் அதுதான். கியர் ஆயிலை இப்போது மறுபடி ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கலாம்.

விலை

அதே மாடல் புதிதாக என்ன விலை என்று டீலரிடம் ஒரு கொட்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் பாகங்கள் கிடைக்குமா என்று உள்ளூர் மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். பாகம் கிடைக்காத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் விலை அதிகம்தான். நல்ல நிலையில், எல்லா சோதனையும் தேறியது புது விலையில் பாதியைத் தாண்டினால் நான் யோசிப்பேன். கண்டுபிடித்த குறைகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பாகத்தின் விலையும் கூலியும் போட்டு விற்பவர் கையில் கொடுங்கள். "கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று கெஞ்சுவதைவிட அந்தத் தாள் வேகமாக வேலை செய்யும்.

காலமும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை, ஓடுகிற எஞ்சினை யாரும் இறங்கி வந்து விற்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் எஞ்சின் சும்மா கிடக்கும் நாட்களில் பேசிப் பாருங்கள்.

காகிதம்

கரையில் பாதிக் கைமாற்றங்கள் வாய்வார்த்தையில் நடக்கின்றன. பழகிய ஊர்க்காரர் என்றாலும் எழுதி வாங்குங்கள். படகின் பதிவுச் சான்றில் எஞ்சினின் கம்பெனி, குதிரைத்திறன், எண் எல்லாம் ஏறியிருக்கும். எஞ்சின் மாறினால் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சொல்லி மாற்ற வேண்டும், ரியல்கிராஃப்ட் இணையதளத்தில்தான் இப்போது பதிவு. மானிய எண்ணெய் வாங்குகிறவருக்கு இது ஒத்துப்போகாவிட்டால் பின்னால் தலைவலி.

மானியத்தில் வாங்கிய எஞ்சினைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கக் கூடாது என்று பல திட்டங்களில் நிபந்தனை இருக்கும். ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். வங்கிக் கடன் இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அசல் பில் தொலைந்துவிட்டது என்றால், எண்ணை வைத்து டீலரிடம் விசாரிக்கச் சொல்லலாம்.

விற்பனைத் தாளில் மாடல், எஞ்சின் எண், தொகை, தேதி, இருவர் கையெழுத்து, சாட்சி இரண்டு பேர். "உள்ளது உள்ளபடி" என்று விற்பவர் எழுதச் சொன்னால், எழுதுங்கள், ஆனால் சொன்ன குறைகளையும் அதிலேயே எழுதுங்கள். ஆதார் நகல் கொடுப்பதானால் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைத்ததைக் கொடுத்தால் போதும்.

விற்பவராக இருந்தால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் வாங்க வருபவர் செய்வார் என்று வைத்துக்கொண்டு நீங்களே முதலில் செய்துவிடுங்கள். இம்பெல்லரையும் கியர் ஆயிலையும் மாற்றுங்கள், கழற்றிய பழைய இம்பெல்லரைக் கடை பில்லோடு எடுத்து வையுங்கள். கம்ப்ரஷன் எவ்வளவு வந்தது என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள். பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். நல்ல எஞ்சினாக இருந்தாலும் புதுப் பெயின்டைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.

குறையை மறைத்து விற்றால் அடுத்த ஊர் ஏலக் கூடம் வரை பேச்சு போய்விடும். "ரெண்டாவது சிலிண்டர்ல கொஞ்சம் கம்மி, அதுக்குத்தான் இந்த விலை" என்று சொன்னவரிடம் பேரம் பேசுவது கஷ்டம்.

முழுப் பணமும் கைக்கு வராமல் எஞ்சினை வண்டியில் ஏற்ற விடாதீர்கள். அச்சாரம் வாங்கினால் எத்தனை நாளைக்கு என்று எழுதுங்கள். கடலில் ஓட்டிப் பார்க்கத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.

விற்ற வாரத்திலேயே உங்கள் பதிவுச் சான்றிலிருந்து அந்த எஞ்சின் எண்ணை நீக்க மனு கொடுத்துவிடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் பீடி இலையும் மஞ்சளும் கடத்திய படகுகள் பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வருவதுதான். பிடிபட்ட படகில் இருப்பது உங்கள் பெயரில் உள்ள எஞ்சின் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தார் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. மனுவுக்கான ஒப்புகைச் சீட்டை விற்பனைத் தாளோடு சேர்த்துக் குத்தி வையுங்கள், இரண்டையும் போனில் படம் எடுத்தும் வையுங்கள்.